ஆறாம் ஆண்டோடு முடியும் ஏடு

கோலாலம்பூரின் வரலாற்றை எழுதுவோர் அம்பாங்கிலிருந்து தொடங்குவது வழக்கம். 1857-ஆம் ஆண்டில் கிள்ளான் ஆற்றின் வழியே மேலேறி வந்த 87 சீனத் தொழிலாளர் அம்பாங்கில் ஈயம் தோண்டத் தொடங்கினர். காட்டுக் காய்ச்சல் அவர்களை வாட்டியது. ஒரு திங்களுக்குள் 18 பேரே எஞ்சினர் என்று அவ்வரலாறு கூறும். இச்செய்தி இன்றும் நெஞ்சைத் தொடுவதற்குக் காரணம் யாது? வந்தவர் இத்தனை பேர், எஞ்சியவர் இத்தனை பேர் என்னும் இரண்டு எண்களும் அருகருகே நிற்பதுதான். முதல் எண் மட்டும் கிடைத்திருப்பின் அஃது ஒரு குடியேற்றக் கதையாக முடிந்திருக்கும். இரண்டாம் எண் மட்டும் கிடைத்திருப்பின் சிறு குழுவொன்று வந்து பிழைத்தது என்றே எண்ணியிருப்போம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதே, இடையில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டிய கடமை பிறக்கின்றது.

அந்த அம்பாங்கிலும், அதனைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கிலும், நாட்டின் பிற பகுதிகளிலும் உள்ள தமிழ்ப்பள்ளிகளை நோக்கி இக்கேள்வியை எழுப்பினால் விடை பாதியே கிடைக்கும். முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்பதைப் பள்ளி உடனே சொல்லிவிடும். ஆறாம் ஆண்டில் தேறியவர் எத்தனை பேர் என்பதையும் சொல்லும். அவர்களுள் ஐந்தாம் படிவத்தை முடித்தவர் எத்தனை பேர், தொழிற்பயிற்சி பெற்றவர் எத்தனை பேர், இருபத்தைந்தாம் வயதில் நிலையான வேலையில் இருப்பவர் எத்தனை பேர் என்று கேட்டாலோ, நல்லாசிரியர் ஒருவர் தம் நினைவிலிருந்து நாலைந்து பெயர்களைச் சொல்வார். அவர்கள் மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ ஆனவர்களாயிருப்பர். ஏனையோரைப் பற்றி ஏடும் பேசாது, நினைவும் பேசாது.

கல்வி பற்றிய நீண்டகாலத் தரவுகளைக் கொண்டு மாணவரின் தொழில்வழியைச் செம்மைப்படுத்தலாம் என்னும் பேச்சு இன்று உலகெங்கும் வலுத்திருக்கின்றது. அப்பேச்சு தமிழ்ப்பள்ளிக்கு எவ்வளவு பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை ஆராய்வது இந்நாளில் வேண்டப்படும் திறனாய்வாகும்.

பதிவேடு என்னும் நூல்

நூலைத் திறனாய்வோர், அது யாருக்காக, எந்நோக்கத்தோடு எழுதப்பட்டது என்று முதலில் கேட்பர். பள்ளிப் பதிவேட்டையும் அவ்வாறே ஒரு நூலாகக் கொண்டு பார்த்தல் தகும்.

சேர்க்கைப் பதிவேட்டில் சேர்க்கை எண், பெயர், பிறந்த நாள், தந்தையின் பெயரும் தொழிலும், சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம் என்றவாறு கட்டங்கள் உண்டு. வருகைப் பதிவேடு நாள்தோறும் குறிக்கப்படுவது. இவ்விரண்டும் மலாயாவின் தோட்டப்புறத்தில் வேரூன்றிய காலத்தை நோக்கினால் அவற்றின் இயல்பு விளங்கும். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டம் பள்ளி ஒன்றை அமைக்கவேண்டும் என்று விதித்தது. அரசு பின்னர் வருகையைக் கணக்கிட்டுத் தோட்டங்களுக்கு உதவித்தொகை வழங்கியது. ஆகவே பிள்ளை இன்று பள்ளியில் இருக்கின்றானா என்பதே ஏடு அறியவேண்டிய செய்தியாயிற்று. நாளை அவன் என்னவாவான் என்னும் கேள்விக்கு அதில் இடம் வைக்கப்படவில்லை. வைக்கவேண்டிய தேவையும் அக்காலத் தோட்ட நிருவாகத்திற்கு இல்லை. பால்மரக் காட்டில் பிறந்தவன் பால்மரக் காட்டிலேயே தொழில் செய்வான் என்பது முன்னரே முடிவு செய்யப்பட்ட ஒன்றாக இருந்தது. விடை தெரிந்த கேள்விக்கு எவரும் கட்டம் போட்டு வைப்பதில்லை அன்றோ!

அந்த விடை பொய்த்து நெடுங்காலம் ஆயிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பின்னர் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் நகர்ப்புற அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன. 1957-இல் 888 என்று கணக்கிடப்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530 ஆகியுள்ளன. அவற்றுள் பல, பெயரில் மட்டும் தோட்டத்தைத் தாங்கி நகரில் நிற்கின்றன. வாழ்க்கை இவ்வளவு மாறியும் ஏடு மட்டும் மாறவில்லை. கைப்பிரதியாக இருந்தது கணினிக்கு ஏறியது. கல்வி அமைச்சின் மாணவர் தரவுத்தளத்தில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் உண்டு. ஆயினும் தமிழ்ப்பள்ளி ஆசிரியரைப் பொறுத்தவரை, ஆறாம் ஆண்டு முடிந்து பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற நாளோடு அவன் கதை முடிந்துவிடுகின்றது. அதற்குமேல் அவனைப் பற்றிய செய்தி வேறோர் ஏட்டில், வேறொரு கட்டடத்தில் இருக்கும். அஃது இவரிடம் திரும்பி வருவதில்லை.

அளவுகோல்கள் மாறிய கதை

நீண்டகாலத் தரவு பயன்தர வேண்டுமாயின், ஒரே அளவுகோலால் நெடுங்காலம் அளந்திருக்க வேண்டும். இந்நாட்டில் அளவுகோல்களோ தலைமுறைக்கு ஒருமுறை மாறின. ஐந்தாம் வகுப்பு மதிப்பீடு ஒரு காலம் இருந்தது. 1988-இலிருந்து யு.பி.எஸ்.ஆர். தேர்வு அதன் இடத்தைப் பெற்று, 2021-இல் நீக்கப்பட்டது. கீழ்நிலை இடைநிலையில் எல்.சி.இ., 1978 முதல் எஸ்.ஆர்.பி., 1993 முதல் பி.எம்.ஆர்., 2014 முதல் பி.டி.3 என்று பெயரும் முறையும் மாறி மாறி வந்து, 2022-இல் பி.டி.3-உம் நீங்கியது. இன்று ஒரு மாணவன் தன் பதினோராண்டுப் படிப்பில் எழுதும் முதற்பொதுத் தேர்வு எஸ்.பி.எம். என்றே சொல்லலாம்.

யு.பி.எஸ்.ஆர். நீங்கியதை வரவேற்றோரும் உளர்; வருந்தியோரும் உளர். இரு சாராரும் கவனியாத செய்தி ஒன்று உண்டு. தமிழ்ப்பள்ளிகள் தம் வெற்றியை அளந்துவந்த ஒரே கோல் அதுவாயிருந்தது. ஏழு ஏ பெற்றவர் எத்தனை பேர், எட்டு ஏ பெற்றவர் எத்தனை பேர் என்று பதாகை கட்டினோம். நாளேடுகளில் படம் வெளியிட்டோம். அம்மகிழ்ச்சியில் பிழை இல்லை. ஆனால் அந்த ஏ எழுத்துகள் பின்னாளில் என்னவாயின என்று தேடிப் பார்த்த பள்ளிகள் மிகச் சில. ஆறாம் ஆண்டில் கணிதத்தில் சிறந்து நின்ற பிள்ளை, நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவுக்குச் சென்றாளா? செல்லவில்லையாயின் ஏன்? இந்த வினாவிற்கு விடையிருந்தால் அத்தேர்வு நீங்கியபோது நம் கையில் ஏதேனும் எஞ்சியிருக்கும். விடை இல்லாமையால் பதாகைகளே எஞ்சின.

முன்னைய ஆய்வுகள்

இத்துறையில் ஆய்வே நடைபெறவில்லை என்று கூறுதல் நன்றி மறத்தலாகும். முராட் முகமது நூர் தலைமையில் அமைந்த குழுவின் இடைநிற்றல் ஆய்வு 1973-இல் வெளிவந்தது. பிள்ளைகள் பள்ளியை விட்டு விலகுவதைச் சோம்பல் என்றோ அறிவுக் குறைவு என்றோ கருதியிருந்தோர்க்கு, வீட்டின் வறுமையும் ஊரகப் பள்ளியின் குறைகளும் அதற்கு எவ்வளவு காரணம் என்பதை அவ்வாய்வு எடுத்துக் காட்டியது. பாடநூல்களை இரவல் தரும் திட்டம் 1975-இல் தொடங்கியது என்பதையும் இதனோடு வைத்து எண்ணலாம். எண்கள் ஏட்டில் உறங்காமல் பிள்ளையின் பையில் புத்தகமாக வந்து சேரும்போதே அவை எடுத்ததன் பயன் நிறைவேறும்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறைப் பேராசிரியராக விளங்கிய டாக்டர் தி. மாரிமுத்து தோட்டப்பள்ளிகளை நெடுங்காலம் ஆராய்ந்தவர். தென்கிழக்காசிய இந்தியச் சமூகங்களைப் பற்றி 1993-இல் வெளிவந்த தொகுப்பு நூலில் இடம்பெற்ற அவர்தம் கட்டுரை, பெற்றோரின் நிலையையே பிள்ளைக்கும் வழங்கும் கருவியாகத் தோட்டப்பள்ளி அமைந்துவிட்டது என்னும் கருத்தைத் தலைப்பிலேயே தாங்கி நின்றது. ஆசிரியர்க்குக் கசப்பான கருத்து அது. எனினும் அதனை மறுக்க விரும்புவோர் எதைக் கொண்டு மறுப்பர்? தம் பள்ளியில் பயின்று உயர்ந்தோர் நால்வரின் பெயரைச் சொல்வது மறுப்பு ஆகாது. ஒரே ஆண்டில் சேர்ந்த அனைவரும் என்னவாயினர் என்று காட்டுவதே மறுப்பாகும். அத்தகைய ஏடு பள்ளிகளில் இல்லாமையால், அக்கருத்தை ஏற்கவும் திருத்தவும் சான்றின்றி ஆசிரிய உலகம் நின்றது.

இவ்வகை ஆய்வுகளுக்குப் பொதுவாக உள்ள குறை ஒன்றையும் சுட்டுதல் வேண்டும். அவை ஒரு காலத்தில் ஒருமுறை எடுக்கப்பட்ட படங்கள். படம் தெளிவாக இருக்கலாம். ஆனால் அதில் உள்ளவன் அடுத்த ஆண்டு எங்கே சென்றான் என்பதைப் படம் சொல்லாது. ஒரே பிள்ளையை ஆண்டுதோறும் பின்தொடரும் ஏடே அதனைச் சொல்லும்.

கடைசிப் படியில் மட்டும் கேட்கப்படும் கேள்வி

பின்தொடரும் ஏடு இந்நாட்டில் அறவே இல்லையா எனின், ஓரிடத்தில் உண்டு. உயர்கல்வி அமைச்சு பல ஆண்டுகளாகப் பட்டதாரிகளைத் தேடியறியும் ஆய்வை நடத்திவருகின்றது. பட்டமும் பட்டயமும் பெறுவோர் தம் படிப்பு, குடும்ப வருவாய், கிடைத்த வேலை, பெறும் ஊதியம் ஆகியவற்றை அதில் தெரிவிக்கின்றனர். எந்தப் படிப்பை முடித்தோர் விரைவில் வேலை பெறுகின்றனர் என்பதை அதனால் அறியலாம். இது பாராட்டத்தக்க முயற்சியே.

ஆயின் இக்கேள்வி ஏணியின் உச்சிப் படியில் நின்று கேட்கப்படுகின்றது. உச்சிக்கு வந்தவரையே அது காணும். மூன்றாம் படிவத்தில் விலகிக் கடைக்குப் பொட்டலம் கட்டப் போனவனும், ஐந்தாம் படிவம் முடித்தும் அடுத்து என்ன படிப்பதென்று அறியாமல் வீட்டில் இருந்துவிட்ட பெண்ணும் அதில் இடம்பெறார். தமிழ்ச் சமூகத்தின் துயரம் பெரும்பாலும் இவர்களிடத்தே உள்ளது. பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இல்லாத பிள்ளைகளோ எந்த ஏட்டிலும் முழுமையாக இடம்பெறுவதில்லை. எழுதப்படாதவர்க்காக எவரும் திட்டம் தீட்டுவதில்லை.

ஒரு மாணவனை எண்ணிப் பார்த்தால்

இக்குறை எவ்வாறு ஒரு பிள்ளையைத் தொடுகின்றது என்பதைக் கற்பனையாகவே ஒரு மாணவனை வைத்து எண்ணிப் பார்க்கலாம்.

அம்பாங் வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளியில் பயிலும் சிறுவன் ஒருவன். தந்தை லாரி ஓட்டுநர். அவனுக்குக் கைவேலையில் இயல்பான திறன் உண்டு. பழுதான மின்விசிறியைக் கழற்றிப் பூட்டுவான். கணக்கு வரும், மலாய் எழுத்து வாராது. நான்காம் ஆண்டு ஆசிரியை இதனை நன்கு அறிவார். குறைநீக்கல் வகுப்பில் அவன் இருந்ததும் ஏட்டில் உண்டு. ஆறாம் ஆண்டு முடிந்ததும், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுள் மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாதார் செல்லும் புகுமுக வகுப்புக்குச் செல்கின்றான். தோழர்கள் முதற்படிவத்திற்குப் போய்விட, இவன் ஓராண்டு பின்தங்குகின்றான். அதற்கிடையில் குடும்பம் வாடகை குறைந்த வீடு தேடிக் காஜாங்கிற்குப் பெயர்கின்றது. புதிய பள்ளியில் இவனைப் பற்றி அறிந்தவர் ஒருவரும் இல்லை. மூன்றாம் படிவத்தில் வழிகாட்டி ஆசிரியர் தொழில் விருப்பத்தை அளக்கும் வினாத்தாளைத் தருகின்றார். அது மலாய்மொழியில் இருக்கின்றது. இவன் ஏதோ ஒன்றைக் குறித்துத் தருகின்றான்.

இச்சிறுவனைப் பற்றிய உண்மைகள் எவையும் மறைந்துபோகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கைத்திறனை ஒருவர் அறிவார். மொழிக்குறை ஓர் ஏட்டில் உண்டு. வீடு மாறியது மற்றோர் ஏட்டில் உண்டு. விருப்ப வினாத்தாள் வேறொரு கோப்பில் உண்டு. நான்கும் ஒருவர் மேசைமேல் ஒன்றாக வந்திருந்தால், மூன்றாம் படிவத்திற்குப் பின் தொழிற்கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம் என்று அவன் தந்தையிடம் சொல்ல ஓர் ஆசிரியர் இருந்திருப்பார். தரவு இல்லாமையால் அவன் வழி தவறவில்லை. தரவுகள் ஒன்றையொன்று சந்திக்காமையால் வழி தவறினான். இஃது ஒருவனுடைய கதையாக மட்டும் இருப்பின் வருந்தி விட்டுவிடலாம். தோட்டம் விட்டுத் தோட்டமும் நகர் விட்டு நகரும் பெயரும் சமூகத்தில் இது பலருடைய கதையாக இருத்தற்கு இடமுண்டு.

பிறநாட்டார் கண்டவை

இங்கிலாந்தில் 1946-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளுள் 5,362 பேரை டாக்டர் ஜே. டபிள்யூ. பி. டக்ளஸ் என்பார் தொடர்ந்து ஆராய்ந்தார். வீடும் பள்ளியும் என்னும் பொருள்பட 1964-இல் அவர் வெளியிட்ட நூல் அந்நாட்டுக் கல்வியுலகை உலுக்கியது. ஒரே அளவான அறிவுத்திறன் உடைய பிள்ளைகளுள்ளும், உடலுழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள் உயர்தர இடைநிலைப்பள்ளியில் இடம்பெறுவது குறைவு என்பதை அவர் எண்களால் நிறுவினார். பிறந்தது முதல் பின்தொடர்ந்தமையால், திறன் இல்லை என்று எவரும் தட்டிக்கழிக்க இயலவில்லை. அக்குழந்தைகள் எழுபது வயதைக் கடந்த பின்னும் அவ்வாய்வு நின்றுவிடவில்லை.

தமிழகத்திலும் அண்மைக் காலத்தில் ஒரு முயற்சி நடைபெறுகின்றது. பள்ளிக் கல்வித்துறையின் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையில் ஒவ்வொரு மாணவர்க்கும் தனி எண் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தும் உயர்கல்வியில் சேராதவர் யார் என்பதை அதனைக் கொண்டு கண்டறிந்து, அவர்களை நேரில் அழைத்து வழிகாட்டும் முகாம்கள், 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் தொடர்ச்சியாக உயர்வுக்குப் படி என்னும் பெயரில் நடத்தப்பெறுகின்றன. அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பெண்ணுக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்குகின்றது. ஏழாண்டுக்காலப் பள்ளிப் பதிவே அங்கு அவளுக்குச் சான்று. ஏட்டில் சேராதவர் பெயரைத் தேடி அழைப்பது ஒரு சிறப்பு. வந்தவரை மட்டும் எண்ணாமல் வாராதவரையும் எண்ணும் முறை அது.

இத்தகைய நற்செய்திகளைக் கேட்டு மயங்குதலும் தகாது. 2020-ஆம் ஆண்டில் நோய்த்தொற்றால் தேர்வு நடத்த இயலாதபோது, இங்கிலாந்தில் மாணவர்க்கு மதிப்பெண் வழங்கக் கணக்குமுறை ஒன்றைக் கையாண்டனர். அம்மாணவர் பயிலும் பள்ளி முந்தைய ஆண்டுகளில் பெற்ற முடிவுகளை அது அடிப்படையாகக் கொண்டது. ஆசிரியர் தந்த மதிப்பீடுகளுள் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைக்கப்பட்டன. வறிய பகுதிப் பள்ளியில் பயின்ற கெட்டிக்கார மாணவன், தனக்கு முன் அங்குப் படித்தோரின் குறைக்காகத் தண்டிக்கப்பட்டான். எதிர்ப்பு எழுந்தது, சில நாள்களில் அம்முறை கைவிடப்பட்டது. நெடுங்காலத் தரவு ஒரு பள்ளியைப் பற்றிச் சொல்வதை, அப்பள்ளியிலுள்ள ஒரு பிள்ளையின் தலையெழுத்தாகக் கொண்டதால் விளைந்த கேடு அது.

அமெரிக்காவில் ரோசன்தால், ஜேக்கப்சன் என்னும் இருவர் 1968-இல் வெளியிட்ட ஆய்வும் இங்கு எண்ணத்தக்கது. இன்ன பிள்ளைகள் விரைவில் மலர்வர் என்று ஆசிரியர்களிடம் கூறப்பட்டது. அப்பிள்ளைகளோ குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டவர்கள். ஆயினும் ஆண்டிறுதியில் கீழ்வகுப்புகளில் அவர்களுட் பலர் முன்னேறியிருந்தனர் என்று அவ்வாய்வு கூறியது. அதன் முறையைக் குறைகூறியோரும் உண்டு. ஆனால் அது எழுப்பிய ஐயம் ஆசிரியர் எவர்க்கும் பழக்கமானதே. நல்லெண்ணம் பிள்ளையை உயர்த்துமாயின், ஏட்டில் கண்ட தாழ்ந்த எண் தரும் அவநம்பிக்கை அவனைத் தாழ்த்தாதா?

அச்சமும் அதற்கு விடையும்

இவ்விடத்தில் தமிழாசிரியர் மனத்திலுள்ள அச்சம் ஒன்றை வெளிப்படையாகப் பேசுதல் நன்று. பிள்ளைகளின் பின்னாளைய நிலையை எண்ணி எழுதினால், அவ்வெண்கள் தமிழ்ப்பள்ளிக்கு எதிராகவே திருப்பப்படும் என்பது அவ்வச்சம். தமிழ்ப்பள்ளி வேண்டுமா என்னும் வினா ஓயாது எழுப்பப்படும் நாட்டில் இவ்வச்சம் காரணமற்றது அன்று.

எனினும் மூன்று செய்திகளைக் கருதுதல் வேண்டும். முதலாவது, பள்ளி எண்ணாவிடினும் பிறர் எண்ணவே செய்வர். அவர்கள் எண்ணும்போது சராசரி ஒன்றே கிடைக்கும். வறிய வீட்டுப் பிள்ளையையும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளையையும், மூன்று பள்ளி மாறியவனையும் ஒரே பள்ளியில் இருந்தவனையும் அச்சராசரி ஒன்றாகக் கரைத்துவிடும். பிள்ளை எந்நிலையில் வந்தான், எவ்வளவு உயர்ந்தான் என்பதை அவனுடைய பள்ளியே எழுதிவைக்க இயலும். நீதியான சான்று அதுவே.

இரண்டாவது, சிறிய பள்ளிகளில் விழுக்காடு பொருளற்றது. 150 பேருக்கும் குறைவான மாணவர் பயிலும் தமிழ்ப்பள்ளிகள் பல. ஆறாம் ஆண்டில் பத்துப் பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் ஒரு பிள்ளை காய்ச்சலில் படுத்தால் பத்து விழுக்காடு குறையும். அத்தகைய பள்ளியை ஓராண்டு எண்ணைக் கொண்டு புகழ்தலும் பிழை, இகழ்தலும் பிழை. பத்தாண்டுக் கணக்கையும் அண்மையிலுள்ள பல பள்ளிகளின் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை புலப்படும். நீண்டகாலத் தரவு சிறிய பள்ளிக்குப் பகை அன்று. காவல் என்பது இதனால் விளங்கும்.

மூன்றாவது, எண்ணாமல் விடுவதன் விலையைப் பள்ளி செலுத்துவதில்லை; பிள்ளை செலுத்துகின்றான். பள்ளியின் மானத்தைக் காப்பதற்காகப் பிள்ளையின் வழியை இருட்டில் விடுவது ஆசிரியத்தொழிலுக்கு அழகு ஆகாது. தமிழ்ப்பள்ளி நிலைக்கவேண்டும் என்பார்க்கு, அங்குப் பயின்றவர் தலைநிமிர்ந்து வாழ்கின்றார் என்னும் சான்றைவிடப் பெரிய அரண் வேறில்லை. சான்று குறைபாட்டைக் காட்டுமாயின் அதனை முதலில் அறிய வேண்டியவரும் ஆசிரியரே.

செய்யத்தக்கவை

பெருங்கணினியும் பெரும்பொருளும் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. இருக்கும் ஏட்டில் மூன்று கட்டங்களைக் கூட்டினால் தொடக்கத்திற்குப் போதும். ஆறாம் ஆண்டை முடித்த ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும், அடுத்த ஆண்டில் புகுமுக வகுப்பிலா முதற்படிவத்திலா என்பது ஒன்று. மூன்றாம் படிவ முடிவில் பள்ளியில் உள்ளானா, எப்பிரிவை நாடுகின்றான் என்பது மற்றொன்று. பதினெட்டு, பத்தொன்பதாம் வயதில் படிக்கின்றானா, பயிற்சி பெறுகின்றானா, வேலையில் உள்ளானா, எதுவுமின்றி இருக்கின்றானா என்பது மூன்றாவது. பத்துப் பேர் விலகும் பள்ளியில் ஆண்டொன்றுக்கு முப்பது வினாக்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கமும் முன்னாள் மாணவர் சங்கமும் துணைநின்றால் இது கடினமான வேலை அன்று. பெற்றோரின் ஒப்புதலோடு இது நடைபெற வேண்டும். தனிப்பட்டவர் செய்தி வெளியே போகாமல் காக்கப்பட வேண்டும் என்பவை சொல்லாமலே விளங்கும்.

இவ்வாறு திரட்டிய ஏட்டை மூவகையில் பயன்படுத்தலாம். விலகிய பிள்ளைக்கு உடனே உதவுதல் முதற்பயன். பத்தொன்பதாம் வயதில் எதுவுமின்றி இருக்கும் பெண் யார் என்று பெயரோடு தெரிந்தால், தொழிற்பயிற்சி நிலையத்தின் விண்ணப்பப் படிவத்தோடு ஒருவர் அவள் வீட்டுக்குச் செல்லலாம். கற்பித்தலைத் திருத்துதல் இரண்டாம் பயன். புகுமுக வகுப்பில் தங்கிப் பின் விலகியோர், நான்காம் ஆண்டிலேயே மலாய்மொழியில் தளர்ந்தவர்கள்தாம் என்பது ஏட்டால் தெரியவந்தால், பள்ளியின் நல்லாசிரியரை ஆறாம் ஆண்டிலிருந்து மூன்றாம் ஆண்டுக்கு மாற்றத் தலைமையாசிரியர் துணியலாம். தேர்வு வகுப்புக்கே சிறந்த ஆசிரியர் என்னும் பழைய வழக்கம் அதனால் ஆட்டங்காணும். மேலிடத்தாரிடம் முறையிடுதல் மூன்றாம் பயன். வெறுங்கையோடு சென்று குறைசொல்வதற்கும், பத்தாண்டு ஏட்டோடு சென்று குறைசொல்வதற்கும் வேறுபாடு உண்டு.

அரசும் தன் பங்கைச் செய்ய வேண்டும். அமைச்சின் மாணவர் தரவுத்தளத்தில் ஒருவனுடைய தொடக்கப்பள்ளிப் பதிவும் இடைநிலைப்பள்ளிப் பதிவும் இருக்கின்றன. உயர்கல்வி அமைச்சிடம் பட்டதாரிப் பதிவு இருக்கின்றது. நடுவண் அரசுத் துறைகள் தம்முள் தரவைப் பகிர்வதற்கான சட்டம் 2025-இல் நடப்புக்கு வந்துவிட்டது. துறைகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கும் இவ்வேளையில், தொடக்கப்பள்ளியும் அப்பேச்சைக் கேட்க உரிமை பெறவேண்டும். பெயர்களைத் தரவேண்டும் என்பதில்லை. தம்மிடம் பயின்றவருள் இத்தனை பேர் எஸ்.பி.எம். எழுதினர், இத்தனை பேர் இடையில் நின்றனர் என்னும் தொகைக்கணக்கு ஆண்டுக்கொருமுறை பள்ளிக்குத் திரும்பி வந்தாலே பெரும்பயன் விளையும். தொடக்கக் கல்வி 2003 முதல் கட்டாயமாயிற்று. இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தத்தை மக்களவை 2025-இல் ஏற்றது. சட்டம் பிள்ளையைப் பள்ளிவாயிலுக்குக் கொணரும். அவன் உள்ளே என்ன ஆனான் என்பதை ஏடே சொல்ல வேண்டும்.

ஏட்டில் எழுதப்படும் எண் தீர்ப்பு ஆகாது. கேள்வியே ஆகும் என்பதை ஆசிரியர் மறத்தலாகாது. இவன் தேறமாட்டான் என்று சொல்வதற்கு அவ்வெண்ணைப் பயன்படுத்துவோர் கையில் அது நஞ்சு. இவனைப் போன்றோர் இவ்விடத்தில் இடறியிருக்கின்றனர், ஆகவே இங்கே கைபிடிக்க வேண்டும் என்று அறிவதற்குப் பயன்படுத்துவோர் கையில் அது மருந்து. எது ஆகும் என்பது ஏட்டைப் பொறுத்ததன்று. எழுதும் ஆசிரியரைப் பொறுத்தது.

அம்பாங்கிற்கு வந்தவர் 87 பேர் என்றும் எஞ்சியவர் 18 பேர் என்றும் நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் சொல்ல முடிகின்றது. இவ்வாண்டு முதலாம் ஆண்டு வகுப்பில் கைகோத்து அமர்ந்திருக்கும் தமிழ்ப்பிள்ளைகளைப் பற்றி, இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து அவ்வாறு சொல்ல முடியுமா என்பதே கேள்வி. சொல்ல முடியும் என்னும் நிலை வந்தால், எஞ்சியவர் எண்ணிக்கையைக் கூட்டும் வழியும் கூடவே பிறக்கும்.